இருபத்தேழாவது நிமிடத்து இடி

உங்கள் கண் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கூரையில் புதிதாக நான்கு ஒலிபெருக்கிகள் பூட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். எங்கள் காலத்தில் அந்தக் கூரையிலிருந்து ஏசித் தண்ணீர்தான் வந்தது. நோயாளிகளின் பதற்றம் தணிய எந்தச் சத்தத்தைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் அடியில், 'சேர், அந்த நெல்லுக் காக்கா கதையையும் எழுதுங்கள், புதிதாக வந்தவர்கள் கேட்டதில்லை, சிரிக்கலாம்' என்று இன்னொரு வரியும் இருந்தது.

எழுதுகிறேன். சிரிக்கவும் செய்யலாம். நாலு வருடமாக அதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவன் நான்தான். ஆனால் நீங்கள் கேட்ட கதையில் ஒரு பாதி இல்லை. அந்தப் பாதியை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்தேன்.

முதலில் சத்தத்தைப் பற்றி. கண்புரை எடுக்கும்போது நோயாளி விழித்தே இருக்கிறார். முகத்தைப் பச்சைத் துணியால் மூடிவிடுகிறோம். கண்ணை நாங்கள் வாங்கிக்கொண்ட அந்த இருபது நிமிடத்தில் அவருக்கு மிஞ்சியிருப்பது காது மட்டும். அந்தக் காதுக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. தட்டில் இரும்பு விழும் சத்தம், பகல் சாப்பாட்டுக்கு இறைச்சியா மீனா என்ற விவாதம், அவ்வளவுதான். ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கண்ணுக்குள் கருவியை வைத்துக்கொண்டு, "இது சரிவராது, புதுசு ஒண்டுதான் போடணும்" என்று சொன்னேன். நான் சொன்னது ஏசி ரிமோட்டின் பற்றரியை. அவருடைய இரத்த அழுத்தம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து மெசினே கத்தத் தொடங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி என்னுடைய போனோடு பொருத்தினேன். இதமான ஏதாவது ஒலி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் எங்கள் பேச்சும் மறையும், நோயாளியின் மனமும் அடங்கும் என்பது கணக்கு. கணக்கு சரி. இப்போதும் அதைச் சரியென்றுதான் சொல்வேன்.

முதலில் புல்லாங்குழல் போட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் துணிக்குள்ளிருந்து, "டொக்டர், ஏதும் நடந்து நான் மௌத்தாப் போனா, கடைசியாக் கேட்டது குழலா இரிக்கக் கூடாது" என்றார். குழல் போயிற்று. பறவைகள் போட்டேன். அது எந்த நாட்டுப் பறவையோ, விடாமல் கூவியது. ஒரு பெண், "மிஸ்ஸி, குருவி ஒண்டு உள்ளுக்கு மாட்டிட்டுக் கத்துது. என்னப் பாக்குற நேரத்துக்கு அதப் பிடிச்சி வெளிய உடுங்க, பாவம்" என்று மன்றாடினார். அவரைச் சமாதானப்படுத்தவே பத்து நிமிடம் ஆயிற்று. பறவையும் போயிற்று.

பிறகு கடல் அலை. முதலாவது ஆள், "இது என்ட ஊட்டுக்குப் பின்னால சும்மாவே கேக்கும், இதுக்கா இங்க வந்த?" என்று சிரித்தார். இரண்டாவது ஆள் ஐம்பது வயதுப் பெண். அலை கேட்டதும் மிஸ்ஸியின் கையை இறுகப் பிடித்து, "கடல நிப்பாட்டுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிஸ்ஸி ஒன்றும் கேட்காமல் நிறுத்தினார். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நான் அப்போதே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நான் செய்ததோ, பட்டியலில் கடலை வெட்டிவிட்டு அடுத்ததைத் தேடியது.

அடுத்தது மழை.

மிஸ்ஸியைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் தியேட்டருக்குப் பொறுப்பான தாதி அவர். கல்முனை மெதடிஸ்த குடும்பத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு நோயாளி படுத்ததும் மழையை ஆரம்பத்திலிருந்து போட்டுவிடுவது அவருடைய வேலை. ஒரு மணித்தியால மழை அது. நாங்கள் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவோம்.

கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் அந்த மழை பெய்த பெய்ச்சல்! வெளியே நாற்பது பேர் விசிறிக்கொண்டிருக்க, உள்ளே படுத்தவர்கள் குறட்டை விட்டார்கள். ஒரு ஹாஜியார் முடிந்த பிறகும் எழும்ப மறுத்து, "இன்னொரு கண்ணையும் இப்பவே எடுத்திருங்களன்" என்றார். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொழும்பில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசும்படி அழைப்பு வந்தது. நான் தலையை நிமிர்த்தித் திரிந்தேன்.

மாசி மாதம் பிறந்தது. ஒரு காலையில் மிஸ்ஸி கையைக் கழுவிக்கொண்டே, "டொக்டர், இது நெல்லு வெட்டுக்காலம். மழைய மாத்துவமா?" என்றார்.

"ஏன் மிஸ்ஸி? நல்லாத்தானே போகுது."

"எனக்கென்னவோ சரியாப் படல்ல. நான் சொல்லிட்டன்."

மிஸ்ஸிக்கு ஒரு துண்டு வயல்கூட இல்லை. என் வாப்பா ஆயுள் முழுக்க வெள்ளாமை செய்தவர். வெட்டுக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு இடி இடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ரோட்டு நீளத்துக்கு நெல் காயும். இடி கேட்டதும் சோற்றுக் கையோடு ஆண்களும், முக்காட்டைச் சரிசெய்தபடி பெண்களும் படங்கு என்கிற தார்ப்பாயை இழுத்து நெல்லை மூட ஓடிவருவார்கள். ஜும்ஆத் தொழுகை நேரத்தில் இடித்தால் அன்றைக்கு இமாம் ஓதுகிற குர்ஆன் சூறா தானாகச் சின்னதாகிவிடும். இமாமுக்கும் வயல் இருந்தது. இதெல்லாம் பார்த்து வளர்ந்த நான், போனில் மழை போடுகிற கெட்டித்தனத்தில் அத்தனையையும் மறந்துபோனேன்.

அந்த வாரம்தான் மீராலெப்பை காக்கா வந்தார்; காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். எழுபது வயது, வெயிலில் காய்ந்த ஒல்லியான மனிதர். இடது கண் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. வயலில் நெல் ஓலை கீறி, புண்ணாகி, வெள்ளை விழுந்துவிட்டது. வலது கண்ணில் முற்றிய புரை. அவருக்கு இருந்தது அந்த ஒரு கண்தான். படுக்க வைத்ததும் வழமைபோலக் கேட்டேன்.

"என்ன காக்கா, பயமா?"

"கண்ணுக்குப் பயமில்ல டொக்டர் தம்பி. நேத்துத்தான் வெட்டு முடிஞ்ச. நெல்ல றோட்டுல காயப் போட்டுட்டு வந்திரிக்கன். பெரியவன் மெசினோட வயல் வட்டைக்குப் போயிட்டான். மனிசி ஒராள்தான் காவல். அவக்கு மூட்டு வருத்தம், ஓடியாடவும் ஏலா."

"வெயில் எறிக்கிது காக்கா. யோசிக்காதங்க."

"வானம் நல்லாத்தான் இரிக்கி. எண்டாலும் மாசி மாசத்து வானத்த நம்பேலா."

இவ்வளவையும் என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டுவிட்டு, "மிஸ்ஸி, மழையப் போடுங்க" என்றேன்.

மிஸ்ஸி என்னை ஒருமுறை பார்த்தார். போட்டார்.

முற்றிய புரை கல் மாதிரி இருந்தது. இருபது நிமிடம் போயிற்று, இருபத்தைந்து போயிற்று. மழை மெதுவாகப் பெய்துகொண்டிருந்தது. அதை ஏசியில் தண்ணீர் ஒழுகுவதாக நினைத்துக் காக்கா பேசாமல் கிடந்தாராம், பிறகு சொன்னார். நானோ பாதி உடைத்த வில்லையைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு மூச்சுப் பிடித்து நின்றேன்.

இருபத்தேழாவது நிமிடத்தில் இடி இடித்தது.

அந்தப் பதிவில் இடி இருப்பது எனக்குத் தெரியாது. ஒருநாளாவது முடிவுவரை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நல்ல இடி. தூரத்தில் உருண்டு, கிட்ட வந்து, தலைக்குமேல் வெடிக்கிற இடி. அதன் பின்னாலேயே மழையும் வலுத்தது.

"யா அல்லாஹ்! மழ! என்ட நெல்லு!"

அவர் தலையைத் தூக்கினார். என் கருவி அவருடைய ஒரே கண்ணுக்குள் இருந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைப் புதிதாக வந்தவர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். கருவியை வெளியே இழுத்தேன். "அசையாதங்க! அசையாதங்க!" என்று கத்தினேன். நெல் நனைகிற மனிதனுக்கு அது எங்கே கேட்கும்? அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்த்தார். "காக்கா, அது போன்ல வாற மழை" என்று சொல்லவும் வாய் எடுத்தேன். சொல்லி, போன் என்றால் என்ன, மழை ஏன் அதற்குள் வந்தது என்று விளங்க வைப்பதற்குள் அந்தக் கண் போயிருக்கும்.

தலைமாட்டில் நின்ற மிஸ்ஸி ஒரு கையை அவர் நெற்றியில் வைத்தார். மற்றக் கையால் ஸ்பீக்கரை நிறுத்தினார். சத்தம் போடாமல் சொன்னார்:

"காக்கா, நெல்லு மூடியாச்சி."

தலை நின்றது.

"ஆரு மூடின?"

"உங்கட மனிசிதான். அக்கம்பக்கத்து ஆக்களும் வந்து படங்க இழுத்து மூடிட்டாங்க. இப்பதான் வெளிய இருந்து சொல்லி அனுப்பின."

"முழுக்கவா?"

"முழுக்க."

"நாலு மூலைக்கும் கல்லு வெச்சாங்களா? இல்லாட்டிக் காத்துத் தூக்கிரும்."

"வெச்சாங்க காக்கா. நாலு மூலைக்கும்."

"நடுவுலயும் ஒண்டு வெக்கச் சொல்லுங்க."

"நடுவுலயும் வெச்சாச்சி. நீங்க தலைய உட்டுட்டுப் படுங்க."

தலை மெதுவாகத் தலையணைக்கு இறங்கியது. குனிந்து பார்த்தேன். வில்லையின் பின்பக்கச் சவ்வு கிழிந்திருந்தது. அது கிழிந்தால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, இருபது நிமிட வேலை இன்னும் நாற்பது நிமிடம் நீண்டது என்று சொன்னால் போதும். அந்த நாற்பது நிமிடமும் நான் கண்ணைப் பார்த்துக்கொண்டேன், மிஸ்ஸி நெல்லைப் பார்த்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, பக்கத்து ஊட்டுக்காரன்ட நெல்லு?"

"அதுவும் மூடியாச்சி."

"அவன்ட படங்கு ஓட்டையல்லோ?"

"நம்மட ஆஸ்பத்திரிப் படங்கு ஒண்டு குடுத்திரிக்கம்."

துணிக்குள்ளிருந்து திருப்தியாக ஒரு 'ம்' வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "மழ உட்டுட்டா?"

"உட்டுட்டு காக்கா."

"மாசி மழ அப்பிடித்தான்."

நீங்கள் கேட்ட கதை இந்த இடத்தில் முடிகிறது. இங்கே நிறுத்தினால் எல்லாரும் சிரிப்பார்கள். கல்யாண வீடுகளிலும், எங்கள் சங்கத்துக் கூட்டங்களிலும் நான் நிறுத்தியது இங்கேதான். இனி மீதி.

கண் முழுக்கப் போகவில்லை. ஆனால் வரவேண்டிய பார்வை வரவில்லை. ஆள் தெரியும், பாதை தெரியும், பள்ளிவாசலுக்குத் தனியே போய் வரலாம். நெல் எது, கோரை எது என்று வரம்பில் நின்று பிரித்துப் பார்க்க ஏலாது. சின்ன எழுத்து வாசிக்க ஏலாது.

அன்று பின்னேரம் கோப்பில் எழுதினேன்: 'சிகிச்சையின் நடுவே நோயாளி திடீரென அசைந்தார். ஒத்துழைப்புப் போதாது.' மழையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மிஸ்ஸி அதை வாசித்தார்.

"ஒத்துழைப்புப் போதாதா? நாலு மூலைக்கும் கல்லு வெச்சிட்டுப் பேசாமக் கிடந்த மனிசன் டொக்டர் அது."

நான் கோப்பை மூடினேன்.

"நீங்க மழையப் போடச் சொன்னீங்க, நான் போட்டன். நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்."

"நானே சொல்றன் மிஸ்ஸி."

அடுத்த நாள் காக்காவின் கண்கட்டை அவிழ்க்கும்போது எனக்கு முன்னால் அவரே பேசினார்.

"டொக்டர் தம்பி, நேத்து என்ட பிழ. மன்னிச்சிக்கங்க. ஒரு விசயம் மட்டும் விளங்கல்ல. மழை பெய்யவே இல்ல எண்டு மனிசி சொல்றா. படங்கும் மூடல்லியாம். ஒரு தூத்தல்கூட இல்லியாம். எனக்கு இடி கேட்டிச்சே? நல்லாக் கேட்டிச்சே?"

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். மிஸ்ஸி சொன்ன பொய் ஒரு கண்ணைப் பிடித்து வைத்தது. அதை அங்கேயே எடுத்துவிட்டு உண்மையை வைப்பது என்னுடைய வேலை. அடுத்த மாதம் கொழும்பில் என் மழையைப் பற்றிப் பேச்சு இருந்தது. முறைப்பாடு வந்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. நான் அவருடைய தோளைத் தட்டி, "அது மருந்து செய்யிற வேலை காக்கா. சில பேருக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்கும். பரவாயில்ல, நான் ஒண்டும் மனசுல வெக்கல்ல" என்றேன்.

ஆம், நான் அவரை மன்னித்தேன்.

"சொன்னீங்களா?" என்று மிஸ்ஸி கேட்டபோது, "சொன்னன்" என்றேன். அவர் நம்பினார். அந்த வருடமே ஓய்வு பெற்று மகளோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். கொழும்பில் பேசினேன். கைதட்டினார்கள்.

மூன்றாவது தவணைக்குக் காக்கா கண்ணைக் காட்ட வந்தபோது, அவருடைய பெரிய மகன் தனியாக என் அறைக்குள் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், பணிவான பிள்ளை. "சேர், வாப்பா ஆபரேசன்ல இடி கேட்ட எண்டு இன்னும் சொல்லிட்டு இரிக்காரு. மூளையில ஏதுமா? வயலுக்கு மருந்து கணக்குப் பாக்கிற, ஆக்களுக்குக் கூலி பேசிற எல்லாம் அவருதான். அதெல்லாம் இனியும் அவர்ட கையில உடலாமா?"

"வயசுக்கு அப்பிடி வரும் மகன். கொஞ்சம் பாத்துக்கங்க" என்றேன். தவறு செய்தது முதல் நாளில். பாவம் செய்தது இந்த நாளில்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் எந்தச் சத்தத்தையும் நானாகப் போட்டதில்லை. படுக்க வைத்துவிட்டு, "என்ன கேட்டா உங்களுக்கு நித்திரை வரும்?" என்று நோயாளியிடமே கேட்பேன். வந்த பதில்களை நீங்கள் எந்த இணையத்திலும் தேட முடியாது. திருக்கோவிலில் இருந்து வந்த ஒருவர் கிரிக்கெட் வர்ணனை கேட்டார்; யார் வென்றது என்று தெரிந்த பழைய ஆட்டமாக இருக்க வேண்டுமாம், புதியதென்றால் படபடக்குமாம். நெல்லாலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு ஆலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. அதைப் பதிந்து கொண்டுவரச் சொல்லிப் போட்டோம், தியேட்டரே அதிர்ந்தது, அவர் அயர்ந்து தூங்கினார். ஒரு பாடசாலை அதிபர், "முப்பது வருசமாச் சத்தத்துக்குள்ளதான் இருந்தன். ஒண்டும் வேணாம்" என்றார். பலர் கேட்டது ஒன்றுதான்: யாராவது பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தால் போதும் என்று. உங்கள் நான்கு ஒலிபெருக்கிகளாலும் கையை நெற்றியில் வைக்க முடியாது, அதை மட்டும் மறக்க வேண்டாம். போடுகிற எதையும் முதலில் நீங்கள் முடிவுவரை கேளுங்கள்.

ஏன் இப்படி மாறினேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் அதையும் என் கெட்டித்தனம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, போன மாசியில், ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது கதை கேட்டார்கள். நெல்லுக் காக்காவைச் சொன்னேன். "நடுவுலயும் ஒண்டு வெக்கச் சொல்லுங்க" என்ற இடத்தில் வழமைபோல எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நேரே இருந்த ஒரு இளைஞர் மட்டும் சிரித்துவிட்டு, "சேர், அது எங்கட தெரு மனிசன்தான். அவரு மூள கொஞ்சம் தட்டின ஆள். இல்லாத இடியெல்லாம் கேக்குமாம். மகன்மார் இப்ப வட்டைக்கு உடுறல்ல" என்றார்.

மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞர் மட்டும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். இடி போனிலிருந்து வந்தது என்று நானே சற்று முன்புதான் சொல்லியிருந்தேன். அது அவருக்கு மெதுவாக விளங்கிக்கொண்டு வந்தது. நான் கையைக் கழுவ எழும்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து காக்காவின் வீட்டுக்குப் போனேன். அந்தப் பழைய ஸ்பீக்கரையும் பையில் எடுத்துக்கொண்டேன். வெட்டுக்காலம், வாசலுக்கு முன்னால் ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீராலெப்பை காக்கா முன்விறாந்தையில் கதிரையில் இருந்தார். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார்.

"டொக்டர் தம்பியா? வாங்க, வாங்க. புள்ள, டீ ஊத்து!"

டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவேன் என்று பயம். மழை, இடி, போன், கோப்பில் எழுதியது, மகனிடம் சொன்னது, கல்யாண வீடுகளில் சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப இடி இடிச்சிச்சா?"

"இடிச்சிச்சி காக்கா. உங்கட தலைக்கிட்ட இருந்த பெட்டியில."

காக்கா, "கண்ண உடுங்க. அல்லாஹ்ட நாட்டம். நாலு வருசமா இடி இடிச்சா நான் என்ன செய்யிற தெரியுமா? எழும்புறல்ல. பக்கத்துல இரிக்கிறவன்ட முகத்தப் பாப்பன். அவன் எழும்பினாத்தான் நானும் எழும்புவன். கண்ணும் சரியாத் தெரியாதா, முகத்தத் தடவிப் பாக்காத குறை" என்றார்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"அந்தச் சத்தத்த இப்ப போட ஏலுமா?"

ஸ்பீக்கரை ஜன்னல் கட்டில் வைத்து, இருபத்தாறாவது நிமிடத்துக்குத் தள்ளிவிட்டேன். மழை மெதுவாகப் பெய்தது. அவர் கண்ணை மூடி, காதைக் கொடுத்தார். தூரத்தில் உருண்டது. கிட்ட வந்தது. வீட்டுக்குள் வெடித்தது.

உள்ளே ஏதோ தட்டு விழுந்தது. "படங்கு! உம்மா, படங்கு எங்க? நெல்லு நனையிது!" என்று கத்திக்கொண்டு, குழம்பு வழிகிற சோற்றுக் கையோடு பெரிய மகன் எங்களைக் கடந்து ஓடினான். வாசற்படியில் என் செருப்பில் தடுக்கி, நிமிர்ந்து, ரோட்டில் போய் நின்றான். வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நெல் பொன்னாகக் காய்ந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்த்தான். நெல்லைப் பார்த்தான். மறுபடி வானத்தைப் பார்த்தான்.

"என்ன மகன் தேடுறாய்?" என்று காக்கா விறாந்தையிலிருந்து கேட்டார்.

"இடி கேட்டிச்சி வாப்பா."

"ஓம் மகன். எனக்கும் அப்பிடித்தான் கேட்டிச்சி."

அவன் திரும்பிப் பார்த்தான். என்னையும் ஸ்பீக்கரையும் கண்டான். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் இரண்டாவது தடவையாக, இப்போது அவனுக்கு, சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் வாப்பாவின் காலடியில் உட்கார்ந்து, கழுவாத கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு வட்டைக்கு வாறீங்களா வாப்பா?" என்றான்.

"கை கழுவிட்டு வா, முதல்ல" என்றார் காக்கா.

நான் புறப்பட எழும்பியபோது என் கையைப் பிடித்தார்.

"டொக்டர் தம்பி, ஆஸ்பத்திரிப் பைல்ல எழுதினது போல எனக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்க. பெரியவனுக்கு விளங்கிட்டு. தெருவுக்கும் விளங்கோணும். நான் சட்டைப் பையில வெச்சிக்குவன், ஆரும் கேட்டா வாசிச்சிக் காட்டுவன்."

மகன் ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொண்டுவந்தான். நடந்தது முழுவதையும் ஒழுங்காக எழுதத் தொடங்கினேன். காக்கா தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்துத் தெரியல்ல, பெருசா எழுதுங்க" என்றார். வேறு தாளில் பெரிதாக எழுதினேன். "இன்னும் பெருசா" என்றார். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு பெரிய எழுத்து வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு முழுத் தாளில் நான்கு சொற்கள்தான் அடங்கின:

இடி இடித்தது. பிழை என்னுடையது.